வெஸ்ட் லோதியன் கேள்வி: ஒரு ஸ்காட்லாந்து எம்.பி. கேட்டதும், யாரும் பதில் சொல்லாததும்

"ஸ்காட்லாந்துக்குத்தான் தனி நாடாளுமன்றம் இருக்கிறதே, அப்புறம் எதற்கு லண்டனுக்கும் எம்.பி.க்களை அனுப்புகிறார்கள்?" பிரிட்டிஷ் தேர்தல் முடிவுகள் வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் இப்படிக் கேட்பார். விவரம் தெரிந்த இன்னொருவர் உடனே, "அதுதான் வெஸ்ட் லோதியன் கேள்வி" என்று முடித்துவிடுவார்.

கிட்டத்தட்ட சரி. ஆனால் அந்தக் 'கிட்டத்தட்ட'வில்தான் கோளாறு. இந்தக் கேள்வியை இங்கிலாந்துக்காரர்களின் புலம்பல் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்காட்லாந்துக்கு எம்.பி.க்கள் அதிகம் என்பதுதான் விஷயம் என்று சிலர் நினைக்கிறார்கள். 2015இல் இதைத் தீர்த்துவிட்டார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. மூன்றும் தவறு. கேட்டவர் ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவில் பிறந்தவர், அந்நாட்டின் வெஸ்ட் லோதியன் என்ற தொகுதியின் எம்.பி. அவர் கேட்டது எண்ணிக்கையைப் பற்றி அல்ல. 2015இல் போட்ட ஒட்டுத்தையல் 2021இல் பிரிந்துவிட்டது.

இன்னொரு சிக்கல் நம் பக்கம். பிரிட்டன் முழுவதையும் 'இங்கிலாந்து' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தை இந்தக் கட்டுரை முடியும்வரை கழற்றி வைத்துவிடுங்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து என்று நான்கு பகுதிகள் சேர்ந்ததுதான் அந்த நாடு. இங்கிலாந்து அதில் ஒன்று, மிகப் பெரியது.

முதலில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு

நூறு வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பு என்று வைத்துக்கொள்வோம். நான்கு பிளாக்குகள். டி பிளாக்கில் மட்டும் 85 வீடுகள். ஏ பிளாக்கில் 8. மிச்சம் 7 வீடுகள் பி, சி பிளாக்குகளில். எல்லோருக்கும் சேர்த்து ஒரே சங்கம். தண்ணீர் லாரி, வாட்ச்மேன் சம்பளம், சுவருக்கு என்ன பெயின்ட் என்பது வரை எல்லாமே சங்கக் கூட்டத்தில் கை தூக்கி முடிவாகும்.

ஏ பிளாக் ஆட்களுக்கு ரொம்ப நாளாக ஒரு மனக்குறை. தங்கள் படிக்கட்டுக்கு என்ன நிறம் என்பதைக்கூட டி பிளாக்கின் 85 பேர்தான் முடிவு செய்கிறார்கள். ஒருநாள் அவர்கள் கேட்கிறார்கள்: "வாட்ச்மேன், தண்ணீர் எல்லாம் சங்கத்திலேயே இருக்கட்டும். எங்கள் பிளாக்கின் பெயின்ட், குப்பை, படிக்கட்டு விளக்கு இதையெல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்." சங்கமும் சரி என்கிறது. ஏ பிளாக்குக்கு ஒரு தனிக் கமிட்டி வந்தாயிற்று.

டி பிளாக்குக்குத் தனிக் கமிட்டி கிடையாது. யாரும் கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. ஆகவே டி பிளாக்கின் பெயின்ட் இன்னமும் பொதுச் சங்கத்தில்தான் முடிவாகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பேச்சு வருகிறது. மஞ்சள் வேண்டும் என்று டி பிளாக்கில் 40 பேர், வேண்டவே வேண்டாம் என்று 45 பேர். பி, சி ஆட்கள் அன்று வரவில்லை. ஏ பிளாக்கின் 8 பேரும் மஞ்சளுக்குக் கை தூக்கிவிடுகிறார்கள். 48க்கு 45. டி பிளாக் மஞ்சளாகிவிட்டது.

டி பிளாக்கில் ஒருவருக்கு ஆத்திரம் வருமா, வராதா? "உங்கள் சுவரைப் பற்றி நான் வாய் திறக்க முடியாது, என் சுவரை மட்டும் நீங்கள் முடிவு செய்வீர்களா?" இந்த ஒரு வரிதான் வெஸ்ட் லோதியன் கேள்வி. ஏ பிளாக்காரரிடமும் பதில் உண்டு: "நானும் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறேன். கூட்டத்தில் வைத்தால் ஓட்டுப் போடத்தான் செய்வேன்." அவர் விதியை மீறவில்லை. விதியே அப்படித்தான் இருக்கிறது.

பெயின்ட்டிலிருந்து நாடாளுமன்றத்துக்கு

ஏ பிளாக்குக்குக் கமிட்டி கொடுத்ததற்கு அரசியலில் பெயர் அதிகாரப் பகிர்வு. மத்திய நாடாளுமன்றம் தன் அதிகாரத்தில் ஒரு பங்கை ஒரு பகுதியின் சட்டசபைக்குக் கொடுப்பது என்று பொருள். கொடுத்ததைச் சட்டப்படி திரும்ப வாங்கிக்கொள்ளவும் முடியும். அதனால் இது கூட்டாட்சி இல்லை. இந்தியா போன்ற கூட்டாட்சி அமைப்பில் எல்லா மாநிலத்துக்கும் சட்டமன்றம் இருக்கிறது, அதிகாரப் பட்டியல் அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறது. நமக்கு இந்தக் கேள்வி சட்டென்று புரியாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பிரிட்டனில் பகிர்வு கோணலாக நடந்தது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் தனிச் சபை உண்டு. இங்கிலாந்துக்கு மட்டும் இல்லை. அதன் பள்ளிக்கூடம், மருத்துவமனை, காவல்துறை பற்றிய சட்டமெல்லாம் லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டரில் உள்ள காமன்ஸ் சபையில்தான் நிறைவேறுகின்றன. அங்கே இப்போது 650 உறுப்பினர்கள். இங்கிலாந்து 543, ஸ்காட்லாந்து 57, வேல்ஸ் 32, வட அயர்லாந்து 18.

ஆக, இதுவரை: ஸ்காட்லாந்தின் பள்ளிகளைப் பற்றி முடிவெடுப்பது எடின்பரோ. அதில் இங்கிலாந்து எம்.பி.க்கு வேலையில்லை, ஏன், ஸ்காட்லாந்திலிருந்து லண்டனுக்குப் போன எம்.பி.க்கும் வேலையில்லை. ஆனால் இங்கிலாந்தின் பள்ளிகளைப் பற்றி லண்டனில் ஓட்டெடுப்பு வந்தால் அந்த ஸ்காட்லாந்து எம்.பி. ஓட்டுப் போடலாம்.

கேட்ட மனிதர்

பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தால் டேல்யெல் என்று வரும். ஆனால் உச்சரிப்பு டீயெல். டாம் டீயெல். 1932இல் பிறந்தவர். லின்லித்கோ ஊருக்குப் பக்கத்தில் 'பின்ஸ்' என்ற பழைய மாளிகை அவர் குடும்பத்தின் பரம்பரை வீடு. 17ஆம் நூற்றாண்டில் அங்கே இருந்த ஜெனரல் டாம் டீயெல், பிசாசோடு சீட்டாடியவர் என்று ஊர்க்கதை. அந்த ஜெனரல் உருவாக்கிய குதிரைப்படையில்தான் நம்முடைய டாமும் கட்டாய ராணுவ சேவை செய்தார், அதிகாரிப் பயிற்சியில் தேறாமல் சாதாரணச் சிப்பாயாக.

ஈட்டன் பள்ளி, கேம்பிரிட்ஜ், பரம்பரைப் பட்டம் எல்லாம் இருந்தும் மனிதர் போன இடம் தொழிற்கட்சி. கேம்பிரிட்ஜில் மாணவர்களின் கன்சர்வேட்டிவ் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர், 1956இல் பிரிட்டன் எகிப்து மேல் படையெடுத்த சூயஸ் விவகாரத்தில் மனம் மாறிக் கட்சி மாறினார். போனஸ் என்ற சிறு துறைமுக ஊரில் பள்ளி ஆசிரியர் வேலை. 1962இல் வெஸ்ட் லோதியன் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. ஸ்காட்லாந்து தேசியக் கட்சியின் பில்லி வுல்ஃபைத் தோற்கடித்து எம்.பி. ஆனார். அதே வுல்ஃப் 1979வரை திரும்பத் திரும்ப அங்கேயே நின்றார், திரும்பத் திரும்ப டீயெலிடமே தோற்றார். தனி ஸ்காட்லாந்து கேட்கும் கட்சியோடு வீட்டு வாசலிலேயே மல்லுக்கட்டியவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

43 ஆண்டுகள் எம்.பி.யாக இருந்தும் ஒருநாள்கூட மந்திரி ஆகவில்லை. அதற்கான காரணங்களை அவரே ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டார். போர்ட்டன் டவுன் ரசாயன ஆயுத ஆய்வுக்கூடம் பற்றிய நாடாளுமன்றக் குழுக் குறிப்புகளைப் பத்திரிகைக்குக் கொடுத்ததற்காக, 1968இல் அவையில் நிற்கவைத்துச் சபாநாயகர் கண்டனம் படித்தார். 1982இல் ஃபாக்லாண்ட்ஸ் போரை எதிர்த்ததால் கட்சித் தலைவர் மைக்கேல் ஃபூட் அவரை எதிர்க்கட்சி முன்வரிசையிலிருந்து நீக்கினார். அந்தப் போரில் அர்ஜென்டினாவின் பெல்கிரானோ கப்பலை பிரிட்டிஷ் நீர்மூழ்கி மூழ்கடித்ததில் 323 பேர் இறந்தார்கள். அந்தக் கப்பல் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தது என்ற ஒற்றைக் கேள்வியை ஆண்டுக்கணக்கில் பிரதமர் மார்கரெட் தாட்சரிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். பாதுகாப்பு அமைச்சக அதிகாரி கிளைவ் பான்டிங் அதைப் பற்றிய ரகசிய ஆவணங்களை டீயெலுக்குத்தான் அனுப்பினார். வழக்கு நடந்து, 1985இல் ஜூரி பான்டிங்கை விடுவித்தது. தாட்சர் பொய் சொல்கிறார் என்று அவையில் சொல்லி வெளியேற்றப்பட்டதும் டீயெலின் கணக்கில் உண்டு.

எல்லா நேரமும் நியாயத்தின் பக்கம் நின்றார் என்று சொல்ல வரவில்லை. 2003இல் இராக் போரை எதிர்த்தபோது, பிரதமர் டோனி பிளேரைச் சுற்றி யூத ஆலோசகர்கள் இருப்பதாக அவர் பேசிய பேச்சு யூத வெறுப்பு என்று கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. கண்டித்ததில் நியாயம் இருந்தது. பிடித்த பிடியை விடாத குணம் அவரை நல்ல இடத்துக்கும் கொண்டுபோயிருக்கிறது, இப்படிப்பட்ட இடத்துக்கும் கொண்டுபோயிருக்கிறது.

1977 நவம்பர் 14

அன்று காமன்ஸ் சபையில் ஸ்காட்லாந்து மசோதா. எடின்பரோவில் ஒரு சபை அமைக்கலாம் என்று கொண்டுவந்தது டீயெலின் சொந்தக் கட்சி அரசுதான். பிரதமர் ஜேம்ஸ் கலஹன். கையில் பெரும்பான்மை இல்லை. ஸ்காட்லாந்து தேசியக் கட்சியின் 11 எம்.பி.க்களைப் பகைத்துக்கொள்ளவும் முடியாத நிலை.

டீயெல் எழுந்தார். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்திலிருந்து வரும் 119 எம்.பி.க்கள் இங்கிலாந்தின் விவகாரங்களில் பல நேரம் வெற்றி தோல்வியையே தீர்மானிப்பார்கள், அதே விவகாரங்கள் தங்கள் ஊரில் எப்படி நடக்க வேண்டும் என்பதில் அவர்களுக்கே பேச்சு இருக்காது, இதை இங்கிலாந்துத் தொகுதிகள் எவ்வளவு காலம் பொறுத்துக்கொள்ளும் என்று கேட்டார். 71, 36, 12. கூட்டினால் 119.

கேள்வியின் பின்பாதியை மறுபடி படியுங்கள். பொதுவாக எல்லோரும் விட்டுவிடுவது அதைத்தான். அவர் காட்டிய உதாரணம் ப்ளாக்பர்ன். இந்தப் பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு. ஒன்று இங்கிலாந்தின் லங்காஷயரில் உள்ள பெரிய ஊர். அப்போது அதன் எம்.பி. பார்பரா காஸில். இன்னொன்று டீயெலின் தொகுதியிலேயே இருந்த சிறு ஊர். பிற்காலத்தில் பாடகி சூசன் பாய்ல் வந்த ஊர் என்றால் சிலருக்கு நினைவுக்கு வரும். மசோதா நிறைவேறினால், லங்காஷயர் ப்ளாக்பர்னின் பள்ளிக்கூடத்தைப் பற்றி டீயெல் ஓட்டுப் போடலாம். தனக்கு ஓட்டுப் போட்டு அனுப்பிய ப்ளாக்பர்னின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் போட முடியாது. 'நான் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்?' என்று ஒரு ஸ்காட்லாந்து எம்.பி. தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் கேள்வியும் இதற்குள் இருக்கிறது.

பெயர் வைத்தவர் வேறொருவர். ஈனாக் பவல். இங்கிலாந்துக்காரர், அப்போது வட அயர்லாந்துத் தொகுதி ஒன்றின் எம்.பி. டீயெல் ஒரே விஷயத்தைப் பல விதமாக நீட்டி முழக்கிக்கொண்டிருந்ததைக் கேட்டு, ஒருவழியாகப் புரிந்துவிட்டது, இதற்கு வெஸ்ட் லோதியன் கேள்வி என்றே பெயர் வைத்துவிடுவோம் என்கிற மாதிரி சொன்னார். கொஞ்சம் கிண்டல்தான். பெயர் ஒட்டிக்கொண்டது.

டீயெல் இந்தக் கேள்விக்குப் பதில் தேடவில்லை என்பது இங்கே முக்கியம். பதிலே கிடையாது என்பதுதான் அவர் வாதம். அதிகாரப் பகிர்வு நடுவழியில் நிற்காது, ஸ்காட்லாந்து தனிநாடாவதில்தான் போய் முடியும், வெளியேற வழியில்லாத நெடுஞ்சாலை மாதிரி என்பார். பில்லி வுல்ஃபோடு மல்லுக்கட்டியவர் அல்லவா? மசோதாவைக் கவிழ்க்க வீசிய கல் அது. பின்னால் வந்தவர்கள்தான் அந்தக் கல்லை எடுத்து வைத்துக்கொண்டு, இது என்ன புதிர், எப்படி அவிழ்ப்பது என்று ஆராயத் தொடங்கினார்கள்.

கேள்வி பழையதுதான்

உண்மையில் இதை முதலில் எதிர்கொண்டவர் டீயெல் இல்லை. 1886இல் பிரதமர் கிளாட்ஸ்டன் அயர்லாந்துக்குத் தன்னாட்சி கொடுக்க மசோதா கொண்டுவந்தார். அயர்லாந்துக்குத் தனிச் சபை, வெஸ்ட்மின்ஸ்டரில் அயர்லாந்து எம்.பி.க்கள் இருக்க மாட்டார்கள் என்றார். அப்படியானால் பிரதிநிதி இல்லாமல் வரி மட்டும் கட்டச் சொல்கிறீர்களா என்று கேட்டார்கள். 1893இல் வேறு மாதிரி எழுதிப் பார்த்தார்: பொது விவகாரம் வந்தால் அவர்கள் ஓட்டுப் போடலாம், பிரிட்டனுக்கு மட்டுமான விவகாரம் வந்தால் போடக்கூடாது. 'உள்ளே வெளியே' என்று அதற்குப் பட்டப்பெயர். அது விவாதத்திலேயே கைவிடப்பட்டது. இரண்டு மசோதாவும் சட்டமாகவில்லை.

1921 முதல் 1972 வரை வட அயர்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் இருந்தது. அதே நேரம் அதன் எம்.பி.க்கள் லண்டனிலும் எல்லாவற்றுக்கும் ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1964இல் வெறும் 4 இடப் பெரும்பான்மையில் ஆட்சிக்கு வந்த ஹரால்ட் வில்சன் இதைப் பார்த்து எரிச்சல்பட்டதோடு சரி. எண்ணிக்கை சிறியதாக இருந்ததால் விஷயம் அடங்கியே கிடந்தது.

1979, 1999

1978இல் அந்த ஸ்காட்லாந்து மசோதா சட்டமானது. அதில் டீயெலின் கேள்விக்காக ஒரு விநோத ஏற்பாடும் இருந்தது: ஸ்காட்லாந்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு மசோதா ஸ்காட்லாந்து எம்.பி.க்களின் ஓட்டால் மட்டுமே தேறினால், 14 நாள் ஆறப்போட்டு மறுபடி ஓட்டெடுக்க வேண்டும். மறுபடியும் அதே ஆட்கள்தான் ஓட்டுப் போடுவார்கள்! கோபம் தணிந்து மனம் மாறுவார்கள் என்ற நம்பிக்கை போலிருக்கிறது.

அதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பே வரவில்லை. சட்டம் அமலாக ஸ்காட்லாந்தின் மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் பேராவது ஆம் சொல்ல வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்ந்திருந்தது. டீயெல் தன் கட்சிக்கு எதிராக ஊர் ஊராகப் போய் 'வேண்டாம்' என்று பிரசாரம் செய்தார். 1979 மார்ச் 1 பொதுவாக்கெடுப்பில் 51.6 சதவீதம் ஆதரவு கிடைத்தது. ஆனால் மொத்த வாக்காளர்களில் அது 32.9 சதவீதம்தான். சட்டம் செத்தது. கோபமடைந்த ஸ்காட்லாந்து தேசியக் கட்சி அரசுக்கு எதிராகத் திரும்ப, அந்த மாதமே 311க்கு 310 என்று ஒரே ஓட்டில் கலஹன் அரசு கவிழ்ந்தது. அடுத்து வந்தவர் தாட்சர்.

1997இல் பிளேர் அரசு மறுபடி கேட்டது. இந்த முறை 74.3 சதவீதம் ஆம். 1999இல் எடின்பரோவில் 129 உறுப்பினர்களோடு ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் வந்தது. டீயெல் அப்போதும் வெஸ்ட்மின்ஸ்டரில் இருந்தார். கற்பனையாகக் கேட்ட கேள்வி அவர் கண்முன்னே நிஜமாக நடக்கப் போகிறது. இங்கிலாந்துக்கு மட்டுமான விவகாரங்களில் வாக்களிப்பதைத் தவிர்ப்பது என்பது அவர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட வழக்கம். அவர் கட்சியின் மற்ற ஸ்காட்லாந்து எம்.பி.க்களுக்கு அந்த உறுத்தல் இல்லை.

கேள்வி நிஜமான இரண்டு ஓட்டெடுப்புகள்

காமன்ஸ் சபையில் ஓட்டெடுப்பு என்றால் பொத்தான் அழுத்துவது இல்லை. மணி அடிக்கும். எட்டு நிமிடத்துக்குள் எம்.பி.க்கள் வந்து சேர வேண்டும். 'ஆம்' என்பவர்கள் ஒரு நடைகூடம் வழியாகவும் 'இல்லை' என்பவர்கள் இன்னொன்றின் வழியாகவும் நடந்துபோக, வாசலில் நின்று தலை எண்ணுவார்கள். எந்தப் பகுதி எம்.பி. என்று அங்கே யாரும் கேட்பதில்லை. தலை என்றால் தலை.

2003 நவம்பரில் அப்படி ஒரு எண்ணிக்கை. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளுக்குக் கூடுதல் தன்னாட்சி தரும் திட்டம். தொழிற்கட்சியிலேயே கடும் எதிர்ப்பு. 302க்கு 285 என்று 17 ஓட்டில் தேறியது. ஸ்காட்லாந்து எம்.பி.க்களின் ஆதரவைக் கழித்துப் பார்த்தால் தேறியிருக்காது. அந்தத் திட்டம் எங்களுக்கு வேண்டாம் என்று எடின்பரோ அரசு முன்பே ஒதுக்கிவிட்டது. இதைவிட விசேஷம், இங்கிலாந்தின் மருத்துவமனைகளுக்குப் பொறுப்பான சுகாதார அமைச்சர் ஜான் ரீடே ஸ்காட்லாந்துத் தொகுதிக்காரர். தன் தொகுதி மருத்துவமனையைப் பற்றி அவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது.

இரண்டே மாதத்தில் இன்னொன்று. 2004 ஜனவரி 27, இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணத்தை 3,000 பவுண்டு வரை உயர்த்தும் மசோதா. 316க்கு 311. ஐந்தே ஓட்டு. இதுவும் ஸ்காட்லாந்து எம்.பி.க்கள் போட்ட ஓட்டில் பிழைத்தது. பின்விளைவுக்காக, ஸ்காட்லாந்தில் படிக்கும் தங்கள் தொகுதிப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இப்படிப்பட்ட ஓட்டெடுப்புகள் அபூர்வம். 650இல் 543 இடம் இங்கிலாந்துக்கு இருக்கும்போது, இங்கிலாந்தில் தெளிவாக ஜெயித்த கட்சியை 57 பேர் தினம் தினம் தோற்கடிக்க முடியாது. அரசுக்குப் பெரும்பான்மை குறைவாக இருந்தாலோ, ஆளும் கட்சிக்குள்ளேயே கலகம் வந்தாலோதான் இது நடக்கும்.

ஏ பிளாக்காரர் சொல்வதையும் கேளுங்கள்

1987 தேர்தலில் ஸ்காட்லாந்தின் 72 இடங்களில் தாட்சரின் கன்சர்வேட்டிவ் கட்சிக்குக் கிடைத்தது 10. ஆனாலும் ஸ்காட்லாந்தை ஆண்டது அந்தக் கட்சிதான், இங்கிலாந்தின் ஓட்டால். தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் வரியை 1989இல் முதலில் ஸ்காட்லாந்தில்தான் அமல்படுத்தினார்கள். இங்கிலாந்துக்கு ஒரு வருடம் கழித்துத்தான் வந்தது. வெஸ்ட் லோதியன் கேள்வியைத் தலைகீழாகத் திருப்பினால் இதுதான். 85 வீட்டுக்காரர்கள் 8 வீட்டின் சுவரை முடிவு செய்த காலம் பல பத்தாண்டுகள். அப்போது அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை என்று ஸ்காட்லாந்தில் சொல்வார்கள். எனக்கு இது சரியான எதிர்வாதமாகவே படுகிறது.

பணம் இன்னொன்று. 1970களின் கடைசியிலிருந்து பார்னெட் சூத்திரம் என்ற ஒரு கணக்கு இருக்கிறது. இங்கிலாந்தில் பள்ளி, மருத்துவம் போன்றவற்றுக்கு அரசுச் செலவு கூடினால் அல்லது குறைந்தால், மக்கள்தொகை விகிதப்படி ஸ்காட்லாந்தின் மானியமும் கூடும், குறையும் என்பதே அது. அப்படியிருக்க, இங்கிலாந்துக்கு மட்டுமான விவகாரம் என்று ஒன்று சுத்தமாகப் பிரிந்து இருக்கிறதா? டி பிளாக்கின் பெயின்ட் செலவைப் பொறுத்து ஏ பிளாக்கின் சந்தா மாறுமென்றால், ஏ பிளாக்காரர் கூட்டத்துக்கு வரத்தானே செய்வார்.

இதுவரை இரண்டு பக்கமும் பார்த்தாயிற்று. ஓட்டுரிமை ஒரு பக்கம் மட்டும் நீள்கிறது என்பது உண்மை. அதனால் இங்கிலாந்து எப்போதும் தோற்கிறது என்பது உண்மை இல்லை.

2015இன் ஒட்டுத்தையல்

2014 செப்டம்பர் 18இல் ஸ்காட்லாந்து தனிநாடாவதா என்று பொதுவாக்கெடுப்பு. 55க்கு 45 என்று வேண்டாம் வென்றது. மறுநாள் காலையிலேயே பிரதமர் டேவிட் கேமரன், இனி இங்கிலாந்தின் குரலையும் கேட்க வேண்டும் என்று அறிவித்தார். 2015 அக்டோபரில் காமன்ஸ் சபை தன் நடைமுறை விதிகளை மாற்றியது. சட்டம் எதுவும் இல்லை, சபையின் உள்விதி மட்டும்.

வேலை செய்த விதம் இது. ஒரு மசோதா அல்லது அதன் ஒரு பகுதி இங்கிலாந்துக்கு மட்டுமானதா என்று சபாநாயகர் சான்று கொடுப்பார். அப்படியானால் நடுவில் ஒரு கட்டத்தில் இங்கிலாந்து எம்.பி.க்கள் மட்டும் கூடிச் சம்மதம் தர வேண்டும். அதற்குப் பிறகு கடைசி ஓட்டெடுப்பு எல்லோருக்கும். அதாவது இரண்டு தடவை தேற வேண்டும்: இங்கிலாந்துக்குள்ளும், மொத்தத்திலும். இதை இரட்டைப் பெரும்பான்மை என்பார்கள். இங்கிலாந்துக்குக் கிடைத்தது வேண்டாம் என்று தடுக்கும் உரிமை மட்டும். வேண்டும் என்று சாதித்துக்கொள்ளும் உரிமை இல்லை. 2016 மார்ச்சில் இங்கிலாந்து, வேல்ஸ் கடைகளை ஞாயிற்றுக்கிழமை கூடுதல் நேரம் திறக்கும் திட்டத்தை, ஆளும் கட்சிக் கலகக்காரர்களோடு ஸ்காட்லாந்து தேசியக் கட்சியும் சேர்ந்து 317க்கு 286 என்று தோற்கடித்தது. புது விதியால் அதைத் தடுக்க முடியவில்லை.

அந்தத் தடுப்பு உரிமையையாவது பயன்படுத்தினார்களா? ஒரு மசோதாவைக்கூட அதைக்கொண்டு நிறுத்தவில்லை. அந்த ஆண்டுகளில் ஆண்ட கன்சர்வேட்டிவ் கட்சிக்கு இங்கிலாந்தில் வசதியான பெரும்பான்மை இருந்தது. குடை பிடித்தார்கள், மழை வரவில்லை. 2020 ஏப்ரலில் கொரோனா நேரத்தில் நிறுத்தி வைத்தார்கள். 2021 ஜூலையில் ரத்தே செய்துவிட்டார்கள். ரத்து செய்தது அதைக் கொண்டுவந்த அதே கட்சி.

முடிச்சு எங்கே இருக்கிறது

ஸ்காட்லாந்து எம்.பி.க்களை அந்த நாட்களில் வெளியே உட்காரச் சொல்லிவிட்டால் தீர்ந்ததே என்று தோன்றும். கிளாட்ஸ்டன் தடுக்கி விழுந்த இடம் அதுதான்.

பிரிட்டனில் அரசு என்பது காமன்ஸ் சபையின் பெரும்பான்மை மேல் நிற்பது. பிரதமரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை, சபையில் யாருக்கு எண்ணிக்கை இருக்கிறதோ அவர் பிரதமர். ஒரு கட்சிக்கு மொத்தத்தில் 10 இடம் கூடுதல், ஆனால் இங்கிலாந்தில் மட்டும் எண்ணினால் 20 இடம் குறைவு என்று வைத்துக்கொள்வோம். ராணுவம், வெளியுறவு, வரி ஓட்டெடுப்பில் அரசு ஜெயிக்கும். மறுநாள் பள்ளி, மருத்துவமனை ஓட்டெடுப்பில் தோற்கும். அப்போது இங்கிலாந்தின் கல்வி அமைச்சர் யாருடைய ஆள்? எண்ணிக்கை இருப்பது எதிர்க்கட்சியிடம், நாற்காலி இருப்பது ஆளுங்கட்சியிடம். ஒரே சபைக்குள் இரண்டு அரசு. செலவைத் தீர்மானிக்கும் பட்ஜெட் ஒரு அரசிடமும் செலவு செய்யும் துறை இன்னொன்றிடமும் என்றால் அந்த வண்டி நகராது.

சரி, இங்கிலாந்துக்கும் தனி நாடாளுமன்றம் கொடுத்துவிடலாமா? தர்க்கப்படி சுத்தமான பதில் அதுதான். ஆனால் மக்கள்தொகையில் ஏறக்குறைய 85 சதவீதம் உள்ள பகுதிக்குத் தனி அரசு வந்தால், அதன் தலைவருக்கு முன்னால் பிரதமர் யார்? டி பிளாக்குக்குக் கமிட்டி வந்த மறுநாள் சங்கத் தலைவரை யாரும் சீண்ட மாட்டார்கள். இங்கிலாந்தைப் பல மண்டலங்களாகப் பிரித்துச் சபை கொடுப்பது இன்னொரு யோசனை. 2004இல் வடகிழக்கு இங்கிலாந்தில் கேட்டுப் பார்த்தார்கள். 78 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். எண்ணிக்கையைக் குறைப்பதும் நடந்தது, 2005இல் ஸ்காட்லாந்தின் 72 இடங்கள் 59 ஆயின. ஆனால் கேள்வி எண்ணிக்கையைப் பற்றியதே இல்லையே. ஒரே ஒரு ஸ்காட்லாந்து எம்.பி. இருந்தாலும், அவர் ஓட்டில் முடிவு மாறுமென்றால் கேள்வி அப்படியே நிற்கும்.

பிளேர் அரசின் சட்ட அமைச்சர் இர்வின் பிரபு, இதுவும் ஸ்காட்லாந்துக்காரர்தான், இந்தக் கேள்விக்கு நல்ல வழி அதைக் கேட்காமல் இருப்பதே என்று சொன்னார். சிரிப்பு வரும். ஆனால் 2021க்குப் பிறகு வெஸ்ட்மின்ஸ்டர் செய்துகொண்டிருப்பது அதைத்தான்.

டீயெல் சொன்ன நெடுஞ்சாலை இன்னும் கடைசிவரை போகவில்லை. ஆனால் 2014இல் நூற்றுக்கு 45 பேர் போகலாம் என்றார்கள். அவர் பயம் ஆதாரமற்றது என்று சொல்ல முடியாது. அவர் நினைத்த அளவுக்கு இந்த ஏற்பாடு உடனே உடைந்துவிடவும் இல்லை. கோணலான வீட்டிலும் மனிதர்கள் குடியிருந்துவிடுகிறார்கள் என்பதை அவர் குறைத்து மதிப்பிட்டார் என்பது என் எண்ணம்.

2001இல் சபையின் தந்தை ஆனார், அதாவது அதிக காலம் இடைவிடாமல் எம்.பி.யாக இருப்பவருக்குத் தரும் மரியாதைப் பெயர். 2005இல் ஓய்வு பெற்றார். 2017 ஜனவரியில் இறந்தார். வெஸ்ட் லோதியன் என்ற தொகுதி 1983 எல்லை மறுவரையறையிலேயே காமன்ஸ் சபைப் பட்டியலிலிருந்து போய்விட்டது. அதற்குப் பிறகு 22 ஆண்டுகள் அவர் லின்லித்கோவின் எம்.பி. அவையில் அவரை அப்படித்தான் அழைத்தார்கள். கேள்விக்கு மட்டும் பழைய பெயரே நின்றுவிட்டது.